வைஃபை வேகம் பின் அறையில் ஏன் குறைகிறது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் கேட்கும் கேள்வி இது. "ரவுட்டர் உள்ள ஹாலில் இன்டர்நெட் வேகமாக இருக்கிறது. பின் அறையில் வீடியோ நின்று நின்று ஓடுகிறது. அதிக வேகத் திட்டத்திற்கு மாற வேண்டுமா?" பணம் கட்டும் முன் இதனைப் படியுங்கள்.

அயனம்பாக்கத்தில் வசிப்பவர், இரைச்சலான இடத்திலிருந்து போனில் ஊர்ப் பெயரை மட்டும் சொன்னால், எதிர்முனையில் "அயப்பாக்கமா?" என்று கேட்கலாம். எனவே, "அயனம்பாக்கம், வானகரம்-அம்பத்தூர் ரோடு" என்று சேர்த்துச் சொல்கிறோம். கூடுதல் நேரம் ஆகிறது. ஆனால் முகவரி தவறுவதில்லை.

வைஃபையும் இதையே செய்கிறது. இதன் பெயர் சேனல் கோடிங். சுவர், தூரம், பக்கத்து வீட்டு ரவுட்டர் போன்றவற்றால் வழியில் சில பிட்கள் மாறிவிடலாம். எனவே அனுப்பும் சாதனம், தகவலிலிருந்து கணக்கிட்ட கூடுதல் பிட்களைச் சேர்த்து அனுப்புகிறது. பெறும் சாதனம் அவற்றைக் கொண்டு பிழைகளைத் திருத்திக் கொள்கிறது.

2003ல் வந்த 802.11ஜி வகையை எடுத்துக்கொள்வோம். ரவுட்டர் அருகில் விநாடிக்கு 72 மெகாபிட் அனுப்பப்படும். இதில் 4 பிட்களுக்கு 3 மட்டுமே தகவல். எனவே வேகம் 54. சிக்னல் சற்றுக் குறைந்தால் 3 பிட்களுக்கு 2 தகவல், வேகம் 48. மேலும் குறைந்தால், ஒரே தடவையில் ஏற்றும் பிட்களையும் குறைத்துக் கொள்ளும். கடைசியில் 12 மெகாபிட் அனுப்பி, 6 மட்டுமே தகவலாக இருக்கும். புதிய வகைகளில் எண்கள் பெரியவை, முறை இதுவே.

இந்த 54ம் முழுதாகக் கிடைக்காது. ஒவ்வொரு பாக்கெட்டும் தன் முறைக்குக் காத்திருந்து சென்று, பதில் பெற வேண்டும். எனவே பைல் இறங்கும் வேகம் இதில் பாதிக்கும் குறைவாகவே இருக்கும்.

உங்கள் வீட்டில் சோதிக்க:

1. விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வைஃபை சென்று, உங்கள் இணைப்பின் பிராப்பர்ட்டீஸ் பகுதியைத் திறக்கவும்.

2. அங்குள்ள லிங்க் ஸ்பீட் எண்ணை ரவுட்டர் அருகில் ஒருமுறையும் பின் அறையில் ஒருமுறையும் குறித்துக் கொள்ளவும்.

3. இரண்டு இடங்களிலும் ஸ்பீட் டெஸ்ட் செய்திடவும்.

ரவுட்டர் அருகில் திட்டத்தின் வேகம் கிடைத்து, பின் அறையில் இரண்டு எண்களும் சரிந்தால், திட்டத்தை மாற்றிப் பயனில்லை. ரவுட்டரை இரும்பு பீரோவின் பின்னாலிருந்து எடுத்து, வீட்டின் நடுவில் உயரமாக வைக்கவும். அல்லது பின் அறைக்கு லேன் கேபிள் இழுக்கவும். ரவுட்டர் அருகிலும் வேகம் இல்லை என்றால் மட்டும் இணைப்பு தந்த நிறுவனத்தை அழைக்கவும்.