ஓதத்துக்கு வாரண்டி: பணம் கட்டுமுன் பார்க்க வேண்டியவை



வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, சுவர்களில் ஓதம் படம் படமாகத் தெரியத் தொடங்கும் தை, மாசி மாதங்களில், ஓதத் தடுப்பு வேலை செய்பவர்கள் நம் தெருக்களுக்கு வருகிறார்கள். மாடிக்கும் சுவருக்கும் பூச்சு அடித்துத் தருவதாகவும், இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கட்டினால் பத்து வருட வாரண்டி தருவதாகவும் சொல்கிறார்கள். அந்தக் கூடுதல் தொகைக்காக நம் அறக்கட்டளையில் வட்டியில்லாக் கடன் கேட்டு வந்தவர்களும் உண்டு. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை அனுப்பிய பணத்தை விசாரிக்காமல் எடுத்துக் கொடுத்தவர்களும் உண்டு. அப்படி ஒரு வாரண்டியை வாங்கலாமா என்பதை இந்த இதழில் பார்ப்போம்.

நமக்கு நேர்ந்தது

சில வருடங்களுக்கு முன் நம் மக்தப் கட்டடத்தின் மாடிக்கு வாரண்டியோடு பூச்சு வேலை செய்தோம். மூன்றாவது மழையில் சுவர் மறுபடியும் நனைந்தது. கூப்பிட்டதும் ஆள் வந்தார். தண்ணீர்த் தொட்டிக்கு ஸ்டாண்ட் வைக்க மாடியில் துளை போட்டிருப்பதால் வாரண்டி செல்லாது என்றார். தாளின் பின்பக்கத்தைப் பார்த்தோம், அப்படித்தான் எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்ட நாளில் நாம் அதைப் படிக்கவில்லை.

பிறகு கொத்தனாரை வைத்துச் சுவரைக் கொத்திப் பார்த்தோம். ஓதம் மாடியிலிருந்து வரவே இல்லை. ஒளு செய்யும் இடத்துக்குப் போகும் குழாய் சுவருக்குள் கசிந்துகொண்டிருந்தது. மக்கள் தந்த சந்தாப் பணம் அமானத். அதைச் செலவிட்டதில் நாம் காட்டிய கவனக்குறைவை மறைக்காமல் இங்கே சொல்கிறோம். மற்றவர்களாவது தப்பிக்கட்டும்.

ஹதீஸ் தரும் பாடம்

அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவித்து, ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான நிகழ்ச்சி நம்மில் பலருக்குத் தெரிந்ததே. நபி (ஸல்) அவர்கள் தானியக் குவியல் ஒன்றினுள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்ட நபியவர்கள், மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று கண்டித்தார்கள்.

இது விற்பவருக்கான எச்சரிக்கை. வாங்குபவருக்கும் இதில் பாடம் உண்டு: மேலே காய்ந்து தெரிவதை நம்பாமல் கையை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும்.

முதலில்: தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

இதற்கு விடை தெரியாமல் எந்த வாரண்டிக்கும் பணம் கட்ட வேண்டாம். நம் வீடுகளில் பெரும்பாலும் நான்கு வழிகள்தான்.

1. கூரையிலும் சுவரின் மேற்பகுதியிலும் மழைக்காலத்தில் மட்டும் நனைந்தால், மாடியையும் கைப்பிடிச் சுவரையும் பாருங்கள். தட்டோட்டின் இணைப்புகள் விட்டிருக்கலாம். மழைநீர்க் குழாயின் வாய் குப்பையால் அடைத்திருக்கலாம். அடைப்பை எடுக்க வாரண்டி தேவையில்லை.

2. தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை மட்டும் சுவர் உப்புப் பூத்து உதிர்ந்தால், அது நிலத்திலிருந்து ஏறும் ஓதம். கடலோர ஊர்களில் நிலத்தடி நீரே உப்பு என்பதால் இது அதிகம். மாடியில் எவ்வளவு பூசினாலும் இது நிற்காது. சுவரின் மேல் பெயிண்ட் அடித்து மூடினாலும் கொஞ்ச நாளில் பெயர்ந்துவிடும்.

3. கோடையிலும் காயாமல் இருந்தால் குழாய் அல்லது குளியலறைக் கசிவு. இரவில் மேல்தொட்டியை நிரப்பி, எல்லாக் குழாய்களையும் மூடி, நீர்மட்டத்தைக் குறித்து வையுங்கள். யாரும் பயன்படுத்தாமலே காலையில் மட்டம் இறங்கியிருந்தால் தொட்டியிலோ குழாயிலோ கசிவு உண்டு.

4. அறைக்குக் காற்றோட்டம் இல்லாததால் வரும் ஈரம். ஓரடிச் சதுர பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் உட்பக்கம் நீர்த்துளி இருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் இருந்தால் அறைக் காற்றில் இருக்கிறது. சன்னலைத் திறந்து வைத்தாலே பாதி தீரும்.

அடுத்து: தாளில் என்ன எழுதியிருக்கிறது?

அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்கிறது. வாய்மொழியாகச் சொன்னது எதுவும் தாளில் இல்லையென்றால் அது இல்லை என்றே கொள்ளுங்கள். குறிப்பாக இவற்றைப் பாருங்கள்:

• வாரண்டி பொருளுக்கு மட்டுமா, வேலைக் கூலிக்கும் சேர்த்தா?
• விரிசல், நிலத்து ஓதம், குழாய்க் கசிவு ஆகியவை விலக்கப்பட்டுள்ளனவா?
• மாடியில் டிஷ், சோலார், தொட்டி வைத்தால் வாரண்டி ரத்தாகுமா?
• வருடா வருடம் பணம் கட்டிப் பராமரிப்பு செய்ய வேண்டும் என்ற நிபந்தனை உண்டா?
• தாள் தருவது பொருளைத் தயாரிக்கும் கம்பெனியா, வேலை செய்யும் ஒப்பந்தக்காரரா? அவர் ஊரை விட்டுப் போனால் யார் பொறுப்பு?

பில் இல்லாமல் செய்தால் 18 சதவீத வரி மிச்சம் என்று சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். வரியை மறைப்பது தவறு. பில் இல்லாவிட்டால் நாளை வாரண்டி கேட்கவும் வழியிருக்காது.

பிறகு: கணக்கு

ஒரு பேச்சுக்கு, வாரண்டி இல்லாமல் வேலைக்கு 40,000 ரூபாய், வாரண்டியோடு 60,000 என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் 20,000. வாரண்டி பொருளுக்கு மட்டும் என்றால், ஐந்து வருடம் கழித்துப் பழுதானாலும் அவர்கள் தருவது பூச்சு டப்பாக்களை மட்டுமே. சுரண்டுவது, பூசுவது எல்லாம் நம் செலவு. பொருளின் விலை 20,000க்கும் குறைவு என்றால் இந்த வாரண்டி நஷ்டம். அந்தப் பணத்தைத் தனியே எடுத்து வைத்தால் தேவைப்படும்போது நம் கையில் இருக்கும்.

கூலியும் சேர்ந்து, கூடுதல் தொகை சிறியதாக, நம் வீட்டு ஓதத்தின் காரணம் விலக்குப் பட்டியலில் இல்லாமல், பல வருடமாக ஊரில் தொழில் செய்பவர் தருவதாக இருந்தால் வாங்குவதில் பயன் உண்டு.

மார்க்க வரம்பு

தன் வேலைக்குத் தானே பொறுப்பேற்று, விலைக்குள்ளேயே அடக்கித் தரும் உத்தரவாதத்தை இக்கால ஆலிம்கள் பலர் அனுமதிக்கின்றனர். தனி விலை வைத்து விற்கும் வாரண்டியிலோ, கிடைக்குமா கிடைக்காதா என்ற கரர் இருப்பதால் அது காப்பீட்டை ஒத்தது என்று பலர் தடுக்கின்றனர். ஆகவே கையெழுத்திடுமுன் தாளோடு நம் இமாமைக் கலந்துகொள்ளுங்கள்.

சட்டம் ஏற்கெனவே தந்திருப்பது

ரெராவில் பதிவான அடுக்குமாடியில் வீடு வாங்கியவர்களுக்கு, 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14(3) பிரிவு பாதுகாப்பு தருகிறது. வீட்டை ஒப்படைத்த ஐந்து வருடத்துக்குள் கட்டுமானத்திலோ வேலைத் தரத்திலோ குறை தெரிந்து எழுதிக் கொடுத்தால், கட்டியவர் 30 நாளுக்குள் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். அந்த ஐந்து வருடத்துக்குள் அதே குறைக்கு வாரண்டி வாங்குவது வீண்.

வாரண்டி தந்தவர் ஏமாற்றினால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் செய்யலாம். நாம் செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. 1915 என்ற தேசிய உதவி எண்ணிலும் முறையிடலாம்.

தாளைப் படித்துப் புரிந்துகொள்ளச் சிரமம் உள்ளவர்கள், வீட்டில் ஆண்பிள்ளை துணையில்லாத தாய்மார்கள், முன்பணம் கொடுக்குமுன் அஸருக்குப் பின் அலுவலகத்துக்குத் தாளைக் கொண்டு வாருங்கள், அல்லது கொடுத்தனுப்புங்கள். சேர்ந்து படிப்போம். இனி இதற்காகக் கடன் மனு தருபவர்கள், ஓதத்தின் காரணத்தைக் கொத்தனாரிடமோ பிளம்பரிடமோ கேட்டு எழுதி இணைக்க வேண்டுகிறோம்.

நம் இல்லங்களையும் நம் பொருளையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.