கேட்போர் யார்?

மாணவர்தம் கட்டுரைத் தாள்களைத் திருத்துங்கால் ஆசிரியராகிய நமக்கு ஒருவகைச் சோர்வு தோன்றுவதுண்டு. எல்லாத் தாள்களிலும் ஒரே முன்னுரை, ஒரே மேற்கோள், ஒரே முடிவுரை. மாணவர்க்கு மொழியறிவு போதாது என்று கூறி நாம் அமைதியடைந்து விடுகிறோம். குறை அங்கேதான் உள்ளதா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நூலின் சிறப்புப் பாயிரத்தில் இடம்பெற வேண்டிய செய்திகள் எட்டு என்று நன்னூல் வகுத்துள்ளது. ஆக்கியோன் பெயர், நூலின் பெயர், பயன் முதலியவற்றோடு ‘கேட்போர்’ என்பதும் அவற்றுள் ஒன்று. யாருக்காக என்பது தெளிவாகாத நூல் முழுமை பெறாது என்பதே இதனால் பெறப்படும் கருத்து. அரங்கேற்றம் என்னும் மரபும் இதனை வலியுறுத்தும். புலவர் அவையோர்முன் நூலைப் படித்து, அவர்தம் ஐயங்களுக்கு விடையிறுக்க வேண்டும். சீதக்காதி வள்ளலின் தூண்டுதலால் உமறுப்புலவர் தொடங்கிய சீறாப்புராணம், அபுல் காசிம் மரைக்காயரின் ஆதரவால் அரங்கேறியது என்பது வழிவழி வரும் செய்தி.

இன்றைய தேர்வுக் கட்டுரைக்குக் கேட்போர் யார்? மதிப்பெண் இடுபவர் ஒருவரே. அவரோ, மாணவன் எழுதப்போவதை முன்னரே அறிந்தவர். அறிந்தவர்க்கே அறிவிக்கும் எழுத்து உயிர்பெறுவது எங்ஙனம்?

நம் வகுப்பில் கண்டதொன்றை இங்குக் குறிப்பிடலாம். தருமபுரி மாவட்டத்தில் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்த ஊர்கள் பல. இளமையில் அந்நீரைப் பருகி வளர்ந்தோர்க்குப் பற்களில் கறை படிகிறது. நெடுங்காலம் பருகினால் எலும்பும் மூட்டும் கெடுகின்றன. 2008இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 2013இல் தொடங்கிவைக்கப்பெற்ற ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இதன்பொருட்டு எழுந்ததே. ஆயினும், ‘குடிநீர்’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதப் பணித்தபோது ஒரு தாளிலும் இச்செய்தி இல்லை, எங்கும் பொதுவுரைகளே.

பின்னர், “ஆழ்துளைக் கிணற்று நீரையே குடித்துவரும் முதியவர் ஒருவர்க்குப் படித்துக் காட்டுமாறு ஒரு பக்கம் எழுதி வருக” என்றோம். வீட்டில் உருது பேசும் மாணவி ஒருத்தி, தமிழ் கேட்டால் புரியும், படிக்கத் தெரியாத தன் பாட்டிக்காக எழுதினாள். படிக்கும்போது மூச்சு முட்டிய நெடுந்தொடர்களை அவளே மூன்றாக வெட்டினாள். “காய்ச்சிக் குடித்தால் போகாதா?” என்று பாட்டி கேட்டாராம். அவளுக்கு விடை தெரியவில்லை. மறுநாள் வேதியியல் ஆசிரியரை அணுகி, காய்ச்சுவதால் புளோரைடு நீங்காது. நீர் ஆவியாகக் குறைவதால் அதன் செறிவு கூடவே செய்யும் என்று அறிந்து வந்து சேர்த்தெழுதினாள். நாம் சிவப்பு மையால் ஆண்டு முழுவதும் செய்ய இயலாத திருத்தத்தைப் பாட்டியின் ஒரு கேள்வி செய்துவிட்டது!

இது புதிய நெறியன்று. 1941இல் திருவாரூரில் பள்ளி மாணவராயிருந்த மு. கருணாநிதி ‘மாணவ நேசன்’ என்னும் கையெழுத்து ஏட்டை நடத்தினார். அடுத்த ஆண்டே ‘முரசொலி’ பிறந்தது. பிறநாட்டிலும் இதற்குச் சான்றுண்டு. பிரான்சின் சிற்றூர்ப் பள்ளி ஆசிரியர் செலஸ்தேன் பிரெய்னே 1924இல் சிறு அச்சுப்பொறி ஒன்றை வகுப்பறைக்குள் கொணர்ந்தார். சிறுவர்கள் தாம் எழுதியவற்றைத் தாமே அச்சுக்கோத்துத் தொலைவிலிருந்த மற்றொரு பள்ளிக்கு அனுப்பினர். முகமறியாத் தோழர் படிப்பர் என்ற எண்ணமே பிழை களைய அவர்களைத் தூண்டியது.

கேட்போர் வாய்த்துவிட்டால் இலக்கணம் வேண்டா என்பது நம் கருத்தன்று. சந்திப்பிழையும் ஒருமை பன்மை மயக்கமும் ஆசிரியர் திருத்த வேண்டியவையே. ஆனால், தன் எழுத்து ஒருவரைச் சென்றடையும் என்று உணர்ந்த மாணவனே அத்திருத்தத்தை விரும்பி ஏற்பான்.

ஆகவே, வகுப்புதோறும் கையெழுத்து ஏடு ஒன்று மலரட்டும். அது நூலகத்தில் எல்லார் பார்வைக்கும் வைக்கப்படட்டும். சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள்: பரிசளிப்பதோடு நில்லாது, எம் மாணவர் எழுதியதைப் படித்து ஒரு கேள்வியேனும் கேளுங்கள். முதன்முதல் அருளப்பெற்ற திருமறை வசனங்கள் ஓதுதலையும் எழுதுகோலையும் சேர்த்தே பேசுகின்றன. எழுதுவோன் ஒருபுறமும் ஓதுவோன் மறுபுறமும் அமைந்தாலன்றோ கல்வி நிறைவுறும்?