பட்டறைப் புகையைப் பற்றி

மயிலாப்பூர்,
தை மாதம்.

சிரஞ்சீவிக்குப் பெரியப்பாவின் அநேக ஆசீர்வாதம்.

தியாகராய நகரில் உஸ்மான் சாலைக்குப் பின்னாலுள்ள சந்தில் உன் தகப்பனார் தம் வாலிபம் முதல் நடத்திவந்த நகைப் பட்டறையை இனி நீ ஏற்று நடத்தப்போகிறாய் என்று கேள்விப்பட்டு மிகவும் சந்தோஷம் அடைந்தேன். பொறியியல் படித்த பிள்ளைகள் பட்டறைப் படி ஏறுவதைக் கௌரவக் குறைவாக எண்ணும் இந்தக் காலத்தில், பாட்டனார் உட்கார்ந்த இடத்தில் போய் உட்கார நீயாகவே முன்வந்தது நம் குடும்பத்துக்குப் பெருமை. கூலி, சேதாரம், கடைக்காரர்களிடம் நடந்துகொள்ளும் முறை, நாணயம் ஆகியவற்றைப் பற்றி எடுத்துச் சொல்ல உன் தகப்பனார் இருக்கிறார். அவற்றில் நான் தலையிடுவது அழகல்ல. குலத்தொழிலை விட்டு வைத்தியம் படித்து, ஆயுளின் பெரும்பகுதியை இந்த மாட வீதிகளின் நோயாளிகளுக்கு நடுவே கழித்தவனாகிய எனக்கு உன்னிடம் சொல்லத் தகுதியுள்ள விஷயம் ஒன்றுதான் உண்டு. அது, உன் பட்டறையில் சுடருக்கு எதிரே குனிந்து உட்கார்ந்து வேலை செய்கிறவர்களின் தேக ஆரோக்கியம்.

முதலில் காட்மியத்தைப் பற்றிச் சொல்கிறேன். நகையின் துண்டுகளை ஒன்றோடொன்று பற்றவைக்கத் தங்கத்தைக் காட்டிலும் சீக்கிரம் உருகும் பொடி ஒன்று வேண்டும் என்பதும், பழைய நாட்களில் தங்கத்தோடு செம்பும் வெள்ளியும் கலந்து அந்தப் பொடியைச் செய்துவந்தார்கள் என்பதும், அதனால் நகையை உருக்கும்போது மாற்றுக் குறைந்துபோய் வாங்கினவர்கள் ஆசாரியை வைதார்கள் என்பதும் உனக்குத் தெரிந்த சங்கதிகளே. நூற்றுக்கு 92 பங்கு தங்கமும் 8 பங்கு காட்மியமும் சேர்த்துச் செய்த பொடி வழக்கத்துக்கு வந்ததும் அந்தக் குறை நீங்கிற்று, பற்றின இடத்திலும் மாற்றுக் குறையவில்லை, ‘916 கே.டி.எம்.’ என்ற எழுத்துகள் கடைப் பலகைகளில் பெருமையோடு ஏறின; பனகல் பூங்காவைச் சுற்றியுள்ள கடைகளுக்குள் நுழையும் தாய்மார்கள் ‘கே.டி.எம். தானே?’ என்று விசாரித்துவிட்டே நகையைக் கையில் எடுத்தார்கள். ஆனால் காட்மியம் 321 டிகிரி செல்சியஸில் உருகி 767 டிகிரியில் கொதித்துவிடும் உலோகம். தங்கமோ 1064 டிகிரிக்குக் குறைந்து உருகாது. ஆகவே இரண்டையும் ஒரே மூசையில் இட்டு உருக்கும் வேளையிலும், அந்தப் பொடியை நகையில் வைத்து வெங்காரம் தடவி ஊதும் வேளையிலும், காட்மியத்தில் ஒரு பகுதி ஆவியாகிக் காற்றோடு கலந்து, மிக நுண்ணிய புகையாய், சுடருக்கு ஒரு முழம்கூட விலகாமல் முகத்தை வைத்திருக்கும் மனிதனின் மூக்குக்குள் போய்விடுகிறது. வாங்குகிறவருக்குக் கிடைத்த மாற்றின் சுத்தத்துக்குச் செய்கிறவனுடைய நெஞ்சு விலையாயிற்று என்றே நான் சொல்வேன்.

அந்தப் புகை தன்னை உடனே காட்டிக்கொள்ளாது. அதிகமாகச் சுவாசித்தவனுக்குக்கூட அந்த நேரத்தில் தொண்டையில் லேசான எரிச்சலுக்கு மேல் ஒன்றும் தெரியாமலிருக்கலாம். வேலை முடிந்து, குளித்து, சாப்பிட்டுப் படுத்த பிறகு, சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் உடம்பு வலியும் நெஞ்சு இறுக்கமும் வரும். சாதாரண ஜுரம் என்று நினைத்து மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு போர்த்திப் படுத்துவிடுவான். மிகுதியாக உள்ளே போயிருந்தால் நுரையீரலில் நீர் கோத்து உயிருக்கே அபாயமாக முடியும். சிறிது சிறிதாக வருஷக் கணக்கில் போவதன் விளைவோ இன்னும் மெதுவானது. ஒருமுறை சிறுநீரகத்தில் தங்கிய காட்மியத்தில் பாதி வெளியேறப் பத்து முதல் முப்பது ஆண்டுகள் வரை ஆகும் என்கிறது வைத்திய சாஸ்திரம். அதாவது, இருபது வயதில் சுவாசித்தது ஐம்பது வயதிலும் உள்ளே இருக்கும். சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் பழுதுபட்டுச் சிறிய புரதங்கள் சிறுநீரில் கசியத் தொடங்கும். சாதாரணப் பரிசோதனைத் தாள் பெரும்பாலும் அதைக் கண்டுபிடிக்காது, பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்னும் தனிப் பரிசோதனை வேண்டும். பிறகு எலும்பு மெலியும். 1993-ஆம் ஆண்டிலேயே சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் காட்மியத்தை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வஸ்துக்களின் முதல் வரிசையில் சேர்த்துவிட்டது. இவற்றுக்கெல்லாம் முன்னால் சிலருக்கு மோப்ப சக்தி மங்கிப்போகும். காப்பி கொதிக்கும் மணமும் மல்லிகையின் மணமும் தெரியவில்லை என்று எந்த வேலையாளாவது விளையாட்டாகச் சொன்னால்கூட நீ அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளலாகாது.

‘பெரியப்பா, இப்போதெல்லாம் ஹால்மார்க் நகைதான், காட்மியத்துக்கு வேலையே இல்லை’ என்று நீ பதில் எழுதுவாய். இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2000-ஆம் ஆண்டில் தங்க நகைக்கு முத்திரை இடும் முறையைக் கொண்டுவந்ததையும், 2021 ஜூன் மாதம் முதல் அது படிப்படியாகக் கட்டாயமானதையும், காட்மியப் பற்றை அமைவனம் ஒப்புக்கொள்வதில்லை என்பதையும் நான் அறிவேன்; மிக நல்ல காரியம். ஆயினும் பட்டறை அலமாரியின் மூலையில் பழைய பொடி டப்பா ஏதாவது கிடக்கிறதா என்று நீயே உன் கையால் தேடிப் பார். பழைய நகையை உருக்கும்போது அதிலுள்ள காட்மியமும் புகையாகவே எழும். அடையாளம் தெரியாத பழைய தங்கம் வரும் வரையில் அபாயமும் வரும். காட்மியத்துக்குப் பதிலாக வந்த துத்தநாகம் அவ்வளவு கொடியது அன்று என்றாலும், அதன் புகையும் ஜுரத்தை உண்டாக்கவல்லதே.

இதற்குப் பரிகாரம் என்ன என்று கேட்டால், உன் பட்டறையிலேயே அதற்கான புத்தி பரம்பரையாக இருக்கிறது என்பேன். தங்கத்தின் ஒரு துகள்கூட வீணாகாதபடி அங்கே எவ்வளவு சிரத்தை எடுத்துக்கொள்கிறார்கள் என்று யோசித்துப் பார். அரம் போடும்போது மடியில் தோல் விரிக்கிறார்கள். கை கழுவின தண்ணீரைக் கொட்டாமல் தொட்டியில் சேர்க்கிறார்கள். காலில் ஒட்டின துகள் வாசலைத் தாண்டாதிருக்கப் பாய் போட்டு, அந்தப் பாயையும் ஒருநாள் எரித்துச் சாம்பலை அரித்துத் தங்கத்தை எடுத்துவிடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத தங்கத்தைப் பிடிப்பதற்கு இவ்வளவு உபாயம் கண்ட நாம், கண்ணுக்குத் தெரியாத நஞ்சைப் பிடிப்பதற்கு ஓர் உபாயமும் செய்யாமல் இருந்தது நியாயமாகாது. நீ பொறியியல் படித்தவன்; ஒவ்வொரு சுடருக்கும் அருகே புகையை உறிஞ்சும் கூண்டு ஒன்றை, புகை வேலை செய்கிறவனின் முகத்தைத் தாண்டிச் செல்லாமல் அவனுக்கு எதிர்ப்புறமாக விலகிப் போகும்படி அமைப்பது உனக்குப் பெரிய காரியமல்ல. மின்விசிறியை நம்பாதே, அது ஒருவன் மூக்குக்குப் போவதைப் பத்துப் பேருக்குப் பகிர்ந்து கொடுக்கும். துணியை முகத்தில் கட்டிக்கொள்வதால் தூசி தடைப்படலாம், இந்தப் புகை தடைப்படாது. குழாயின் வாய் வடிகட்டியோடு மொட்டைமாடிக்கு மேலே உயர்ந்திருக்கட்டும். அடுத்த வீட்டு ஜன்னலுக்கு நேரே வைத்து, நம் தொல்லையை அண்டை வீட்டுக் குழந்தைக்குத் தள்ளிவிடாதே. பாயையும் குப்பையையும் சந்தில் எரிக்கும் வழக்கத்தை நிறுத்து. அந்தப் புகையிலும் உலோகம் உண்டு.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நைட்ரிக் திராவகத்தில் உலோகத்தைப் போடும்போது எழும் செம்பழுப்புப் புகையும் சில மணி நேரம் சும்மா இருந்துவிட்டு நுரையீரலைத் தாக்கும் தன்மை உடையது. அந்த வேலையைத் திறந்த வெளியிலோ தனிக் கூண்டிலோ அன்றிச் செய்யவே கூடாது. மெருகுக்குச் சயனைடு வைத்திருந்தால் பூட்டிவை, திராவகம் இருக்கும் அலமாரியில் அதை எக்காரணத்தாலும் வைக்காதே. இரண்டும் கலந்தால் எழும் வாயு சில நிமிஷங்களில் கொன்றுவிடும். பற்றவைக்க அடியில் வைக்கும் பலகை பழைய கல்நார்ப் பலகையாக இருந்தால் உடைக்காமல் நனைத்துப் பொதிந்து அப்புறப்படுத்து.

பட்டறையில் இருக்கும் பையன்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அவர்களில் பாதிப் பேர் வங்காளத்திலிருந்து வந்தவர்கள். பகலில் சுடர் எரியும் அதே அறையில் இரவில் பாய் விரித்துப் படுக்கிறார்கள். அதன் மூலையிலேயே சோறு பொங்குகிறார்கள். ஊதுகுழலுக்குப் பக்கத்திலேயே தேநீர்க் குவளை இருக்கிறது. ஆலையில் வேலை செய்கிறவனுக்கு எட்டு மணி நேரம் நஞ்சு என்றால் இவர்களுக்கு நாள் முழுவதும் நஞ்சு. வாடகை உயர்ந்த தியாகராய நகரில் தனியறை எடுப்பது செலவுதான் என்றாலும், மாம்பலத்திலோ சைதாப்பேட்டையிலோ படுக்க ஓர் இடம் அமைத்துக் கொடு. சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவும் வழக்கத்தை உண்டாக்கு. பீடி குடிக்கிறவர்களுக்கு, புகையிலையிலும் காட்மியம் உண்டென்றும், பட்டறைப் புகையோடு அதுவும் சேர்ந்து இரட்டிப்பாகிறதென்றும் அன்போடு எடுத்துச் சொல்.

நீ கொட்டும் தண்ணீர் எங்கே போகிறது என்பதையும் யோசி. சந்துச் சாக்கடை மழைக்காலத்தில் மாம்பலம் கால்வாயில் சேர, கால்வாய் நந்தனத்துக்குப் பக்கத்தில் அடையாற்றில் விழ, அடையாறு கடலுக்குப் போகிறது. ஜப்பானில் கமியோகா சுரங்கத்தின் கழிவு ஜின்சு ஆற்றில் கலந்து, தொயாமா மாகாணத்தில் ஆற்று நீர் வயலுக்குப் பாய்ந்து, காட்மியம் அரிசியில் ஏறி, பிள்ளை பெற்று வளர்த்த நடுத்தர வயதுத் தாய்மார்களின் எலும்புகள் இருமினாலும் முறியும் அளவுக்கு மெலிந்த கதையை நீ படித்திருக்கலாம். வலியால் அவர்கள் கதறியதையே அந்த நோய்க்குப் பெயராக வைத்தார்கள். 1968-இல்தான் அந்நாட்டு அரசாங்கம் அதைச் சுரங்கக் கழிவால் வந்த நோயென்று ஒப்புக்கொண்டது. ஒரு சிறு பட்டறை ஒரு சுரங்கம் ஆகாது. ஆயினும் திராவகக் கழுநீரைச் சாக்கடையில் கொட்டாமல் சுண்ணாம்பிட்டுத் தெளியவைத்து, வண்டலை முறைப்படி அப்புறப்படுத்துவது உன் கடமை.

நம் தேசத்திலேயே நடந்ததைப் பார். கொடைக்கானலில் ஹிந்துஸ்தான் லீவர் கம்பெனியின் தெர்மாமீட்டர் ஆலையில் பாதரசத்தோடு பழகிய தொழிலாளர்கள் பலர் தங்கள் சிறுநீரகமும் நரம்பும் கெட்டுவிட்டதாக முறையிட்டார்கள். கம்பெனி அதை ஏற்கவில்லை. பாதரசம் கலந்த கண்ணாடித் துண்டுகள் ஊருக்குள் ஒரு பழைய சாமான் கிடங்கில் கண்டுபிடிக்கப்பட்டு, 2001 மார்ச்சில் ஆலை மூடப்பட்டது. 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்படிக்கை ஏற்பட்டது 2016 மார்ச்சில். பதினைந்து ஆண்டுகள்! எந்தத் தேதியில் யார் எதைச் சுவாசித்தார்கள் என்பதற்கு வேலை நடக்கும்போதே சாட்சியம் சேர்த்து வைக்காவிட்டால், பிற்பாடு ஏழை நிரூபிப்பது எவ்வளவு கடினம் என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்.

ஆகையால் வேலையாள் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் கொடு. அவன் எந்த வேலை செய்கிறான், எந்த உலோகத்தையும் திராவகத்தையும் கையாளுகிறான் என்பதை அதில் தமிழிலும் அவன் பாஷையிலும் எழுதிவை. டாக்டரிடம் போகும்போதெல்லாம் அதை எடுத்துப்போகச் சொல். இத்தாலிய வைத்தியர் ராமஸ்ஸினி தொழிலாளர் நோய்களைப் பற்றி 1700-இல் வெளியிட்ட நூலில் பொன்முலாம் பூசுகிறவர்களுக்கென்று ஓர் அத்தியாயமே உண்டு. நோயாளியிடம் ‘நீ என்ன தொழில் செய்கிறாய்?’ என்று கேட்க வேண்டும் என்று வைத்தியர்களுக்குக் கற்பித்த மகான் அவர். கூட்டம் நெருக்கும் ஆஸ்பத்திரியில் அந்தக் கேள்வியைக் கேட்க டாக்டருக்கு அவகாசம் இல்லாமற்போனாலும் நோட்டுப் புத்தகம் பதில் சொல்லும். பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடமாதலால் உன் பட்டறை ஈ.எஸ்.ஐ. திட்டத்துக்குள் வரும், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு உட்பட்ட எல்லோரையும் ஒருவர் விடாமல் பதிவு செய். கலைஞர் கருணாநிதி நகரில் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி அதிகத் தூரமில்லாமல் இருக்கிறது. கூலியாட்களைத் தனித்தனிப் பெயரில் பிரித்துக் காட்டி அந்த எண்ணிக்கையிலிருந்து நழுவும் வித்தையை யாராவது சொல்லிக் கொடுத்தால், அவரோடு சிநேகத்தைக் குறைத்துக்கொள்.

சட்டம் கட்டாயப்படுத்தும் வரையில் காத்திருக்கலாமே என்று தோன்றும். நீ நகை கொடுக்கும் கடைகளிலும், பக்கத்து ஜவுளிக் கடைகளிலும் விற்பனைப் பெண்கள் காலை முதல் இரவு வரை நின்றபடியே வேலை செய்து, கால் நரம்பு சுருண்டு வீங்கி என்னிடம் வந்திருக்கிறார்கள். அவர்கள் உட்கார ஓர் ஆசனம் வைக்க வேண்டும் என்று நம் சட்டசபை விதி செய்தது 2021-இல். ஒரு முக்காலிக்கே அவ்வளவு காலம் ஆயிற்று. சந்துப் பட்டறையின் புகைக்கூண்டு சட்டத்தின் கண்ணில் படும் நாள் எப்போது வருமோ!

செலவைப் பற்றி உன் தகப்பனார் முகம் சுளித்தால் என் பெயரைச் சொல். கூண்டுக்கும் குழாய்க்கும் ஆகும் பணத்தில் பாதியை நான் தருகிறேன். சித்திரையில் அட்சய திருதியை வரும். அதற்கு முந்தைய வாரங்களில் கடைக்காரர்கள் நெருக்குவார்கள், இரவும் பகலும் சுடர் எரியும், அப்போது சுவர் இடிக்கவும் குழாய் பதிக்கவும் உனக்கு நேரம் இராது. இந்த மாதமே வேலையைத் தொடங்கு. வேலையாட்கள் அனைவரையும் நுரையீரல், சிறுநீரகப் பரிசோதனைக்கு அனுப்பி, முடிவுகளின் நகலை எனக்கு அனுப்பிவை. நான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன் பெரியப்பா