மருத்துவ ஆராய்ச்சிச் செய்தி நிஜமா? பப்மெட்டில் தேடிப் பார்ப்பது எப்படி?

"சத்தான உணவு கொடுத்தால் டிபி 39 சதவீதம் குறையும்!" இப்படி ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் வருகிறது. இதை நம்பி வீட்டில் யாராவது டிபி மாத்திரையை நிறுத்திவிட்டால் உயிருக்கே ஆபத்து. தகவல் உண்மையா என்பதை காட்டூரில் உள்ள உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே கண்டுபிடிக்கலாம். செலவு எதுவும் இல்லை.

அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் 1997 முதல் பப்மெட் என்ற தளத்தை இலவசமாக வழங்கி வருகிறது. உலக மருத்துவ இதழ்களில் வரும் ஆய்வுகளின் சுருக்கம் இதில் கிடைக்கும்.

1. பிரவுசரை ஓபன் செய்து, கூகுளில் பப்மெட் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து தளத்திற்குச் செல்லுங்கள்.

2. மேலே உள்ள தேடல் கட்டத்தில் ரேஷன்ஸ், ட்யூபர்குளோசிஸ், ஜார்கண்ட் ஆகிய சொற்களை ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் கீயைத் தட்டுங்கள்.

3. 2023-ல் லான்செட் இதழில் வெளியான ஆய்வின் தலைப்பைக் கிளிக் செய்யுங்கள். சென்னை தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் பங்கேற்ற ஆய்வு இது.

4. அப்ஸ்ட்ராக்ட் பகுதியில் மெதட்ஸ் என்ற பத்தியை முதலில் படியுங்கள். யாருக்கு, என்ன கொடுத்தார்கள் என்பது இதில்தான் இருக்கும்.

இந்த ஆய்வில் டிபி நோயாளிகளின் வீட்டில் வசித்த 10,345 பேர் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பிரிவினருக்கு அரிசி, பருப்பு, சத்து மாத்திரை தரப்பட்டது. மற்றொரு பிரிவினருக்குத் தரப்படவில்லை. நோயாளிகளுக்கோ இரண்டு பிரிவிலும் உணவுப் பொருள் கிடைத்தது. அவர்களின் டிபி சிகிச்சையும் வழக்கம்போல் நடந்தது. அதாவது, 39 சதவீதம் என்பது வீட்டில் உள்ள மற்றவர்களுக்கு நோய் வராமல் தடுத்த கணக்கு. மருந்துக்குப் பதில் உணவு என்று ஆய்வு சொல்லவே இல்லை.

5. இப்போது கால்குலேட்டரை ஓபன் செய்யுங்கள். ஆயிரம் பேரை ஓராண்டு கவனித்தால், உணவு பெறாத பிரிவில் டிபி வந்தவர்கள் 12.7 பேர், பெற்ற பிரிவில் 7.8 பேர். வித்தியாசம் 4.9. இதை 12.7-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 38.6, அதாவது சுமார் 39 வரும். ஆயிரத்துக்கு ஐந்து பேர் என்றாலும், 39 சதவீதம் என்றாலும் ஒரே விஷயம்தான். எனவே சதவீதத்தைப் பார்த்ததும், "எத்தனை பேரில்?" என்று கேளுங்கள்.

6. ஆய்வு பதிவு செய்யப்பட்டதா என்றும் பாருங்கள். இந்தியாவில் மருந்துச் சோதனைகளை முன்கூட்டியே பதிவு செய்வது 15 ஜூன் 2009 முதல் கட்டாயம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் சி.டி.ஆர்.ஐ. தளத்தில் யாரும் இலவசமாகத் தேடலாம்.

டிப்ஸ்: முழுக் கட்டுரையும் வேண்டுமானால் இடதுபுறம் ஃப்ரீ ஃபுல் டெக்ஸ்ட் என்பதை டிக் செய்யுங்கள். நம் ஊர் ஆய்வுகளைப் பார்க்க, நோயின் பெயருடன் திருச்சிராப்பள்ளி என்றும் ஆங்கிலத்தில் சேர்த்துத் தேடுங்கள்.

எலி மீது நடந்த ஆய்வா, மனிதர்கள் மீது நடந்ததா என்பதையும் கவனியுங்கள். எலிக்குக் குணமானது நமக்கும் குணமாகும் என்று சொல்ல முடியாது. என்ன படித்தாலும், மருந்தை மாற்றும் முன் டாக்டரிடம் கேளுங்கள். படித்த பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனால் கேட்பது சுலபம்.