ஆலயத்தில் அமைந்த நாடகப் பள்ளி

நாடகம் சமயத்தின் மடியில் வளர்ந்த கலையாகும். இடைக்கால ஐரோப்பாவில் தேவாலய வழிபாட்டினுள்ளேயே விவிலியக் காட்சிகள் நடித்துக் காட்டப்பெற்றன. பின்னர் அக்கலை ஆலயத்தைவிட்டு வெளியேறிற்று. இருபதாம் நூற்றாண்டில் அது மீண்டும் ஓர் ஆலயத்துள் புகுந்ததை, இலண்டன் டிராமா சென்டர் என்னும் தனியார் நடிப்புக் கல்லூரியின் வரலாறு காட்டுகிறது.

தோற்றம்

1963ஆம் ஆண்டில் சென்ட்ரல் ஸ்கூல் என்னும் பழைய நாடகப் பள்ளியிலிருந்து ஆசிரியர் சிலரும் மாணவர் சிலரும் பிரிந்து வந்தனர். ஜான் பிளாட்ச்லி, கிறிஸ்டோபர் ஃபெட்டிஸ், சுவீடன் நாட்டு நடனக் கலைஞர் யாட் மால்ம்கிரென் ஆகியோர் முன்னின்றனர். வடக்கு இலண்டனில் சாக் ஃபார்ம் பகுதியிலுள்ள பழைய மெதடிஸ்டு ஆலயம் அவர்தம் பள்ளிக்கு இடமாயிற்று.

இடமும் பயிற்சியும்

மெதடிஸ்டு வழிபாட்டில் பிரசங்கமே முதன்மையானது. கடைசி வரிசையில் இருப்பவருக்கும் போதகரின் குரல் எட்டவேண்டும், முகம் தெரியவேண்டும். நாடக மேடைக்கும் வேண்டுவன இவையே. ஆகவே ஆலயம் அரங்கமானதில் வியப்பில்லை.

ருசிய நாட்டு ஸ்டானிஸ்லாவ்ஸ்கியின் நடிப்பு முறை அங்குக் கற்பிக்கப்பட்டது. அதனுடன் லாபானின் அசைவுக் கோட்பாட்டையும் யுங்கின் உளவியலையும் இணைத்து மால்ம்கிரென் ஒரு பாடம் வகுத்தார். எடை, வெளி, காலம், ஓட்டம் என்னும் நான்கால் ஒருவரின் அசைவை ஆராய்ந்தால் அவர் உள்ளத்தை அறியலாம் என்பது அதன் சாரம். சைமன் காலோ, பியர்ஸ் பிராஸ்னன், காலின் ஃபர்த் முதலியோர் இங்குப் பயின்றவர்களே.

முடிவு

1999இல் இப்பள்ளி சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியுடன் இணைந்தது. பின்னர் ஆலயத்தைவிட்டு அகன்றது. 2007இல் அவ்வாலயம் ஓவியக் கூடமாகத் திறக்கப்பட்டது. 2020இல் பள்ளியை மூடும் முடிவு அறிவிக்கப்பட்டது. கடைசி மாணவர் 2022இல் வெளியேறினர்.

தனித்து நின்ற காலம் முப்பத்தாறு ஆண்டுகள். பெரிய நிறுவனத்தின் நிழலில் வாழ்ந்தது அதைவிடக் குறைவு. வசதியே அதனை அழித்தது எனக் கூறுதல் பொருந்தாது. ஆயினும் வசதி மட்டும் ஒரு பள்ளியைக் காப்பாற்றாது என்பது தெளிவு. நல்ல அரங்கம் இல்லையே என ஏங்கும் மாணவர் ஒன்றை நினைவிற்கொள்ளல் வேண்டும். கற்பிக்கத் துணிந்த ஆசிரியரும் உடன்வரத் துணிந்த மாணவரும் கூடிய இடமே கலைக்கூடம். கட்டடம் அதன்பின் வருவது.