விளக்கைக் காட்டினால் வீரிய விதை வருமா?

கனடாவில் 2018-இல் கஞ்சாவுக்குச் சட்ட அனுமதி கிடைத்தது முதல் ஒரு கதை காதைத் துளைக்கிறது. பூக்கும் செடிக்கு மேல் புற ஊதா விளக்கைத் தொங்கவிட்டால் போதைச் சத்தான டிஎச்சி ஏறுமாம். கருகாமல் தப்பிய செடியின் விதையை விதைத்தால், புற ஊதாவைத் தாங்கும் புது ரகமே கிடைத்துவிடுமாம். விளக்கு வியாபாரி இதைச் சொன்னால் சரி, பிழைப்பு. பயிர்ப்பெருக்கம் படித்தவர்களுமா?

கதைக்கு வேர் 1987-இல் லைடன், டெராமுரா, காஃப்மன் மூவரும் வெளியிட்ட ஆய்வு. கண்ணாடிக்கூடத்தில் புற ஊதா-பி பட்டபோது போதை ரகத்தின் பூவில் டிஎச்சி சுமார் 2.5 சதவீதத்திலிருந்து 3.2 ஆனது. நார் ரகத்தில் அசைவே இல்லை. இந்த இரண்டாவது செய்தியை யாரும் சொல்வதில்லை. கனடாவின் கெல்ஃப் பல்கலைக்கழகத்தார் 2021-இல், இன்றைய ரகங்கள் இரண்டை 287 நானோமீட்டர் கதிரில் வளர்த்துப் பார்த்தார்கள். இலை சுருண்டது; மகசூலும் கூடவில்லை, டிஎச்சியும் கூடவில்லை.

விதைக் கதை இதைவிட மோசம். கதிர் பட்டதும் யூவிஆர்8 என்ற புரதம் உணர்ந்து, இலைத்தோலில் ஃபிளேவனாய்டு சேரவைக்கிறது. அது அந்தச் செடி அப்போதைக்குப் போட்டுக்கொள்ளும் சட்டை; மரபணுவை மாற்றாது. அதிலும் தொழில்முறைத் தோட்டங்களில் பெரும்பாலும் ஒரே தாய்ச்செடியில் வெட்டிய குச்சிகளைத்தான் வேர்பிடிக்க வைக்கிறார்கள். அத்தனையும் ஒரே மரபு. அதில் ஒன்று பச்சையாக நின்றால் அது விளக்குக்குச் சற்றுத் தள்ளி இருந்திருக்கும், அவ்வளவுதான். வேறுபாடே இல்லாத கூட்டத்தில் எதைப் பொறுக்குவது?

தாங்குதிறன் மரபில் வராதா என்றால், வரும். நெல்லைப் பாருங்கள். ஜப்பானிய ரகங்களில் சசனிஷிகி புற ஊதாவைத் தாங்கும், நோரின் 1 தாங்காது. டிஎன்ஏ காயத்தைச் செப்பனிடும் ஃபோட்டோலயேஸ் நொதியில் 126-ஆம் இடத்து ஒரே ஒரு அமினோ அமிலம்தான் வித்தியாசம். முன்னதில் குளுட்டமின், பின்னதில் ஆர்ஜினின். அது ரகத்தோடு பிறந்தது, விளக்கு கொடுத்ததல்ல.

இதே வகைக் கதைகள் இன்னும் உண்டு. ஜன்னல் வெயில் போதும் என்கிறீர்களா? சாதாரணக் கண்ணாடி புற ஊதா-பியை ஏறக்குறைய முழுக்கத் தடுத்துவிடும். அறுவடைக்குப் பின் வெளிச்சத்தில் வைத்தால் வீரியம் கூடுமா? குறையும்; வெளிச்சமும் காற்றும் டிஎச்சியைச் சிதைக்கும். மலைச்சரக்கின் காரம் மலை வெயிலால் வந்ததா? தலைமுறை தலைமுறையாக விதை பொறுக்கிய கைகளை மறந்துவிட்டீர்கள்.

உண்மையிலேயே தாங்கும் ரகம் வேண்டுமென்றால் குச்சியை விட்டு விதைக்கு வாருங்கள். இந்துகுஷ், இமயச் சரிவுகளின் நாட்டு ரகங்களை வளர்த்து, ஒரே தாயின் பிள்ளைகளில் பாதியைப் புற ஊதா விளக்கின் கீழும் பாதியை அது இல்லாமலும் வையுங்கள். நல்ல வெள்ளை வெளிச்சம் இரு பக்கமும் ஒரே அளவில் இருக்கட்டும். காயத்தைச் செப்பனிடும் ஃபோட்டோலயேஸ் நொதி வெளிச்சத்தில்தான் வேலை செய்யும். அந்த நாட்டு ரகங்களோ, வாங்கி வந்த ரகங்களின் மகரந்தம் விழுந்து கலந்துகொண்டிருக்கின்றன. இன்னொரு விளக்குக்கு ஒதுக்கிய பணத்தை அந்த விதைகளைச் சேர்த்துக் காக்கக் கொடுங்களேன்.