சரளைக் குழிகளும் நீர்விளையாட்டும்

நிலத்தை அகழ்ந்து வேண்டுவன கொண்டபின் எஞ்சும் பள்ளம் பயனற்றதென்றே பலரும் எண்ணுவர். இங்கிலாந்து தேசத்தில் அத்தகைய பள்ளங்கள் ஏரிகளாகி, மக்கள் விளையாடும் இடங்களாய் விளங்கும் வகையை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

பனியூழிக் காலத்து ஆறுகள் தேம்ஸ் முதலிய நதிகளின் பள்ளத்தாக்குகளில் சரளைக் கற்களைப் பரப்பிச் சென்றன. சாலைக்கும் கட்டடத்திற்கும் அவற்றைத் தோண்டுவோர், ஊறும் நீரைப் பொறிகளால் இறைத்துக்கொண்டே வேலை செய்வர். இறைப்பு நின்றதும் நிலத்தடி நீர் தன் மட்டம்வரை ஏறி நிற்கும், குழி ஏரியாகும். கிளாஸ்டர்ஷயர், வில்ட்ஷயர் எல்லையிலுள்ள காட்ஸ்வோல்டு நீர்ப்பூங்காவில் இங்ஙனம் தோன்றிய ஏரிகள் 150-க்கு மேற்பட்டனவாம்.

ஆற்றைவிட இவ்வேரி படகுப் பந்தயத்திற்கு ஏற்றதாதல் எற்றுக்கு? ஆற்றில் நீரோட்டம் ஓரிடத்து மிகும், ஓரிடத்துக் குறையும். ஏரியிலோ ஓட்டமின்மையால் படகுகள் யாவற்றிற்கும் நிலை ஏறக்குறைய ஒன்றே. நாட்டிங்காம் நகரருகே, டிரென்ட் ஆற்றங்கரைச் சரளைக் குழிகளில் அமைந்த ஹோம் பியர்பாண்ட் நீர்த்தடம் 2,000 மீட்டர் நீளமுடையது. 1973-இல் திறக்கப்பெற்ற அதில், 1975-இல் உலகத் துடுப்புப் படகுப் போட்டி நடைபெற்றது. சரளை அகழ்ந்தே ஆக்கிய டார்னி ஏரியில் 2012-ஆம் ஆண்டு ஒலிம்பிக் படகுப் பந்தயங்கள் நிகழ்ந்தன.

எனினும், அமைதியான நீர் அபாயமற்ற நீர் அன்று. குழியின் கரை செங்குத்தாக இறங்குவதுண்டு. முழங்காலளவு நீரில் நின்றவன் அடுத்த அடியில் ஆழத்தில் அமிழக்கூடும். கோடையில் மேல்நீர் வெதும்பினும் அடிநீர் குளிர்ந்தேயிருக்கும். குளிர்ந்த நீரில் திடீரெனக் குதிப்பவனுக்கு மூச்சுத் திணறுகிறது; அத்திணறலில் நீரை உள்வாங்கின் நீச்சல் வல்லவனும் மாள்வான். அவ்வேளை கைகால்களை வீசிப் போராடாமல், மல்லாந்து மிதந்து, மூச்சு நிலைபெற்றபின் கரை நாடுதல் வேண்டும். உதவி கோரிக் குரல் கொடுத்தலும் வேண்டும். வேலை நடைபெறும் குழியிலோ ஒருபோதும் இறங்கலாகாது.

இன்னுமொன்று. இவ்வேரிகளை நாடிக் குளிர்காலத்தில் நீர்ப்பறவைகள் திரளாக வருகின்றன. விசைப்படகின் ஒலியும் பறவையின் ஓய்வும் ஓரிடத்தில் ஒவ்வா. ஆதலின் காட்ஸ்வோல்டில் சில ஏரிகள் பாய்ப்படகுக்கும், சில மீன்பிடித்தலுக்கும், சில பறவைகளுக்குமாகப் பகுக்கப்பட்டுள்ளன.

ஆகவே, குழியில் நீர் நிரம்பியதனால் மட்டும் அது விளையாட்டிடம் ஆகிவிடாது. ஆழத்தை அளந்து, கரையைச் சரித்து, காவலரை நிறுத்தி, இன்ன நீர் இன்னதற்கென வரையறுத்த பின்னரே அது நன்மை பயக்கும். இயற்கை நீரைத் தரும். அதனைக் காத்துப் பயன்கொள்ளுதல் நம் கடமையாம்.